இருட்டுக்குள் நேரம் பார்த்தவர்

எங்கட அம்மம்மா எட்டு மணிக்கே படுக்கிற ஆள். ஆனா ரொறன்ரோவில இருக்கிற மாமா பகல் சாப்பாட்டுக்கு வேலையால வெளியில வரேக்க இங்க இரவு ஒன்பதரை. அந்த அழைப்புக்காக அவ முழிச்சிருப்பா. நவம்பர் வந்தா அங்க மணியை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளி வைப்பினம். பிறகு அழைப்பு பத்தரைக்குத்தான் வரும். முதல் கிழமை அம்மம்மா ஒன்பதரையில இருந்து கொட்டாவி விட்டுக்கொண்டு, ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பாப்பா. இரண்டாம் கிழமை அவவின்ர நித்திரையே ஒரு மணித்தியாலம் தள்ளிப் போயிருக்கும். எங்கட ஊர் மணிக்கூட்டில ஒண்டும் மாறேல்லை. சூரியன் உதிக்கிறதும் படுறதும் வழமை போலத்தான். மாறினது ரொறன்ரோவில.

அப்ப அவவுக்கு நேரம் சொல்லுறது ஆர்? சூரியனா, மணிக்கூடா, மகன்ர குரலா?

இதே மாதிரியான ஒரு கேள்வியை 1970களின் கடைசியில், மதுரைக்குப் பக்கத்தில் ஒரு குகைக்குள் வைத்து ஒரு விஞ்ஞானி கேட்டார். அவர் கேட்டது மனிசரிட்ட இல்லை, வௌவாலிட்ட. அவர் பெயர் எம். கே. சந்திரசேகரன் (1937–2009). உயிரியல் கடிகாரம் பற்றிய வரலாறு எழுதப்படும்போது பெரும்பாலும் பாரிஸ், பிராங்க்பர்ட், கலிபோர்னியா என்றுதான் கதை போகும். அந்தக் கதையில் மதுரைக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. ஏ.எல். பயோ படிச்ச எங்கள்ள எத்தனை பேருக்கு அது தெரியும்?

முதலில் பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் குகையின் அருமை விளங்காது.

பொழுதுபட்டால் புளியமரத்தின் இலைகள் கூம்புவதை எல்லோரும் கண்டிருப்போம். இதைப் பற்றிய மிகப் பழைய எழுத்துக் குறிப்பு மகா அலெக்சாண்டரின் காலத்தது. அவருடைய கடற்படையோடு போன அன்ட்ரோஸ்தெனிஸ் என்பவர், இன்றைய பஹ்ரெயின் தீவில் ஒரு மரத்தின் இலைகள் இரவில் கூம்பிப் பகலில் விரிவதைக் கண்டு எழுதினார். அது புளியமரம் என்பதே பொதுவான கருத்து. வெளிச்சம் போனால் இலை மூடுகிறது, வெளிச்சம் வந்தால் திறக்கிறது, இதில என்ன அதிசயம் எண்டுதான் அதுக்குப் பிறகும் பல நூற்றாண்டாக ஆக்கள் நினைச்சினம்.

1729 இல் பிரான்சின் டி மேரான் என்ற வானியலாளர் ஒரு சின்ன வேலை செய்தார். தொட்டாச்சிணுங்கி போன்ற ஒரு செடியை இருட்டுக்குள் வைத்தார். வெளிச்சமே இல்லாத இடத்திலும் அதன் இலைகள் பகலில் விரிந்து இரவில் கூம்பின. அப்படியெண்டால் செடிக்குள்ளேயே ஏதோ நேரம் பார்க்கிறது. ஆனால் இதை நம்பப் பலருக்கு மனம் வரவில்லை. இருட்டறைக்குள்ளும் வெப்பம் மாறும், காற்றில் மின்னேற்றம் மாறும், செடி அதைத்தான் உணர்கிறது என்று வாதம் தொடர்ந்தது.

இரண்டு நூற்றாண்டுக்குப் பிறகு, 1920களின் இறுதியில், ஜேர்மனியின் பிராங்க்பர்ட்டில் எர்வின் பூனிங் என்ற இளம் தாவரவியலாளர் தன்னுடைய சகா குர்ட் ஸ்டெர்னோடு சேர்ந்து அவரைச் செடியை ஆராய்ந்தார். அப்போது ஒரு வேடிக்கையான விசயம் பிடிபட்டது. இருட்டறையில் உள்ள செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறவர்கள் கையில் மங்கலான சிவப்பு விளக்கு கொண்டு போவார்கள். சிவப்பு வெளிச்சம் செடிக்குத் தெரியாது என்பது அக்கால நம்பிக்கை. உண்மையில் அந்தச் சிவப்பு வெளிச்சம்தான் ஒவ்வொரு நாளும் செடியின் கடிகாரத்தைத் திருத்தி வைத்துக் கொண்டிருந்தது! ஸ்டெர்னின் வீட்டு உருளைக்கிழங்கு நிலவறைக்குள் செடிகளை வைத்து, அந்த விளக்கின் கரைச்சலையும் நீக்கிப் பார்த்தபோது, இலைகள் தொடர்ந்து கூம்பி விரிந்தன. ஆனால் அந்தச் சுழற்சி சரியாக 24 மணித்தியாலம் இல்லை, கொஞ்சம் கூட.

அந்தக் ‘கொஞ்சம் கூட’ என்பதில்தான் விசயமே இருக்கிறது. பூமி சுழல்வதை ஏதோ ஒரு வழியில் செடி உணர்கிறது என்றால் சரியாக 24 மணித்தியாலம் வர வேண்டும். வரவில்லை. எனவே கடிகாரம் உள்ளேதான். அது தன்பாட்டில் ஓடும், வெளியுலகம் தினமும் அதைத் திருத்தும். 1959 இல் பிரான்ஸ் ஹால்பர்க் இதற்கு ‘சர்க்காடியன்’ என்று பெயர் வைத்தார். ‘ஏறத்தாழ ஒரு நாள்’ என்று பொருள்.

இந்தத் துறை இப்படி உருப்பெற்றுக் கொண்டிருந்த காலத்தில்தான் சந்திரசேகரன் மதராஸில் விலங்கியல் ஆய்வு மாணவராக இருந்தார். அவர் எடுத்துக் கொண்ட விலங்கு, அலை அடிக்கிற ஈர மணலுக்குள் புதைந்து கிடக்கும் எமெரிட்டா என்ற சின்ன நண்டு வகை. கடற்கரையில் இருந்து கொண்டுவந்து, அலையும் வற்றுப்பெருக்கும் இல்லாத ஆய்வுகூடத்தில் வைத்தாலும், அதன் நடமாட்டமும் ஒட்சிசன் எடுக்கும் அளவும் கடலின் வற்றுப்பெருக்கைப் பின்பற்றின. அதோடு இரவு பகல் ஒழுங்கும் இருந்தது. கடலை விட்டு வந்த பிறகும் கடலின்ர நேரத்தை உடம்புக்குள்ள வைச்சிருக்கிற ஒரு உயிர். இந்த ஆய்வு 1965 இல் ஒரு ஜேர்மன் ஆய்விதழில் வெளியானது.

பிறகு ஹம்போல்ட் ஆய்வுதவியோடு டியூபிங்கன் போனார். பூனிங் அப்போது அங்கேதான் பேராசிரியர். அங்கே வொல்ப்காங் எங்கல்மனோடு சேர்ந்து பழ ஈக்களில் வேலை செய்தார். பழ ஈ கூட்டுப்புழுவை விட்டு வெளியே வருவது விடிகிற நேரத்தோடு ஒட்டி நடக்கும். அந்த நேரத்தை ஒரு சிறு வெளிச்சத் துடிப்பால் எவ்வளவு தூரம் முன்னே தள்ளலாம், பின்னே இழுக்கலாம் என்பதுதான் கேள்வி. ஒரே வெளிச்சம் இரவின் முற்பகுதியில் பட்டால் ஒரு விளைவு, பிற்பகுதியில் பட்டால் வேறொரு விளைவு. அந்த இரண்டு பகுதிகளுக்கும் தேவையான நீல வெளிச்சத்தின் அளவும் வேறு வேறு என்று அவர்கள் 1973 இல் காட்டினார்கள். இரவு பன்னிரண்டுக்கு ஃபோன் பார்க்கிறதும் விடியப்புறம் நாலு மணிக்குப் பார்க்கிறதும் எங்கட கடிகாரத்துக்கு ஒண்டு இல்லை என்ற இன்றைய அறிவு, இப்படியான ஈ வேலைகளில் இருந்துதான் தொடங்கியது.

ஜேர்மனியில் படித்த பலரைப் போல இவரும் அங்கேயே நின்றிருக்கலாம். திரும்பி வந்தார். 1970களில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அந்த வளாகத்துக்குச் சற்றுத் தொலைவில் கீழக்குயில்குடி. அங்கே சமணர் மலை. ஆயிரம் வருடத்துக்கு மேலாக நிற்கும் சமணச் சிற்பங்களுக்காகவும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளுக்காகவும் அந்த மலை வரலாற்று மாணவர்களுக்குத் தெரிந்திருக்கும். சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும் அதன் குகைக்குள் வேறொன்றைக் கண்டார்கள். பூனிங்குக்கு உருளைக்கிழங்கு நிலவறை போல, இவர்களுக்கு இயற்கையே செய்து வைத்த ஓர் இருட்டறை. வெளிச்சம் இல்லை. வெப்பமும் ஈரப்பதனும் பெரிதாக மாறுவதில்லை. உள்ளே, பூச்சி தின்னும் வௌவால்களின் ஒரு பெரிய குடித்தனம்.

ஒவ்வொரு நாளும் பொழுதுபட்டதும் வௌவால்கள் கூட்டமாக வெளியே பறக்கும். விடிய முன்னர் திரும்பும். வாசல் பக்கம் இருக்கிற வௌவால் எட்டிப் பார்த்து வெளிச்சம் குறைந்ததை அறியலாம். ஆனால் குகையின் ஆழத்தில் தொங்குகிற ஒன்றுக்கு வெளியே பொழுதுபட்டது எப்படித் தெரியும்?

சந்திரசேகரனும் ஜி. மாரிமுத்துவும் எஸ். ராஜனும் ஒரு வௌவாலைப் பிடித்து, அதன் அசைவுகள் தானாகப் பதிவாகும் கூட்டுக்குள் விட்டு, அந்தக் கூட்டைக் குகையின் இருண்ட பகுதியில் வைத்தார்கள். கூட்டுக்குள் இருக்கிற வௌவால் வாசலுக்குப் போக முடியாது, சூரியனைக் காண முடியாது. ஆனால் அதைச் சுற்றி அதன் இனத்தவை சுதந்திரமாகப் போய்வரும். நாட்கள் போயின. அடைபட்ட வௌவால், மற்றவை வெளியேறும் அதே நேரத்தில் தன் கூட்டுக்குள் சிறகடிக்கத் தொடங்கியது. ஒவ்வொரு நாளும்.

இதில் என்ன நிரூபணம் என்று கேட்கலாம். அதனால்தான் அடுத்த படி. வேறு வௌவால்கள் இல்லாத ஒரு குகையில் அதே மாதிரி ஒரு கூடு. அங்கே தனியாக இருந்த வௌவாலின் கடிகாரம் நிற்கவில்லை, ஆனால் உலகத்தோடு ஒத்தும் ஓடவில்லை. வெளியே பொழுதுபடுகிற நேரத்திலிருந்து ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போனது. இருள் அதேதான், வௌவால் இனமும் அதேதான். வித்தியாசம் பக்கத்தில் ஆக்கள் இருந்ததும் இல்லாததும்தான். 1981 இல் வெளியான இந்த ஆய்வு, உயிரியல் கடிகாரத்தைச் சமூகமும் திருத்தி வைக்கும் என்பதற்கு இன்றும் எடுத்துக்காட்டப்படும் ஒரு சான்று.

இன்னும் ஒரு படி போனார்கள். வேறோர் இனத்து வௌவாலை அதே குகையில், அதே கூட்டத்துக்கு நடுவில் அடைத்து வைத்தார்கள். அதைச் சுற்றியும் அதே சிறகடிப்பு, அதே சத்தம். அதன் கடிகாரம் அந்தக் கூட்டத்தோடு சேரவேயில்லை. சத்தம் மட்டும் இருந்தால் போதாது, அது தன்னுடைய ஆக்களின் சத்தமாக இருக்க வேண்டும்.

இந்த மூன்று படிகளையும் கொஞ்சம் நின்று யோசிச்சுப் பாருங்கோ. கோடிக்கணக்கில் விலைபோகும் இயந்திரம் எதுவும் இல்லை. ‘அப்படியெண்டா இதையும் பாக்க வேணுமே’ என்று அடுத்த சந்தேகத்தைத் தானே எழுப்பி, தானே அதற்கு ஒரு கூடு கட்டுகிற மனம்தான் அங்கே வேலை செய்தது. ஆனால் ‘வசதி இல்லாமலே சாதிச்சினம்’ என்று இதை ஒரு வறுமைக் கதையாக்கிப் புகழவும் கூடாது. அந்த மனிசருக்குப் பின்னால் டியூபிங்கனில் பெற்ற பயிற்சி இருந்தது, ஒரு அரச பல்கலைக்கழகம் இருந்தது, வருடக்கணக்கில் குகைக்குப் போய்வந்த மாணவர்கள் இருந்தார்கள். இவற்றில் எதுவும் தானாக வராது.

அந்த மாணவர்களின் கையால் இன்னும் பல வேலைகள் நடந்தன. ஆர். சுப்பராஜோடு செய்த ஆய்வில், தொடர்ந்து வெளிச்சத்தில் இருக்கும் வௌவாலுக்குச் சில மணித்தியாலம் இருட்டைக் கொடுத்தாலும் கடிகாரம் நகரும் என்று 1978 இல் காட்டினார்கள். வெளிச்சம் மட்டும்தான் செய்தி என்று நினைத்திருந்த துறைக்கு, இருட்டும் ஒரு செய்தி என்று சொன்ன வேலை அது. வேறோர் ஆய்வில், ஒரு செக்கனில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும் ஒரு மின்னல் வெளிச்சம் வௌவாலின் கடிகாரத்தை மாற்றி வைத்தது. எங்கட கண் இமைக்கிற நேரம் அதைவிட எத்தனையோ மடங்கு நீளம்.

1985 இல் என். விஸ்வநாதனும் சந்திரசேகரனும் எழுதிய கட்டுரை ‘நேச்சர்’ இதழில் வந்தது. இது வயல் சுண்டெலிக் குஞ்சுகள் பற்றியது. இரவு பகல் வேறுபாடே இல்லாத இடத்தில் குஞ்சுகளை வைத்து, தாயை மட்டும் ஒழுங்கான நேரத்தில் உள்ளே விட்டு வெளியே எடுத்தார்கள். குஞ்சுகளின் கடிகாரம் தாயின் வரவையும் போக்கையும் பிடித்துக் கொண்டது. சூரியனைக் காண முன்னரே அவை நேரத்தைத் தாயிடமிருந்து படித்து விட்டன. எலியில் இருந்து மனிசருக்கு நேரே பாயக் கூடாதுதான். ஆனாலும், இரவு வேலைக்குப் போகிற, வெளிநாட்டில் வேலை செய்கிற தாய்மாரின் பிள்ளைகள் நிறைந்த எங்கட ஊர்களில் இருந்துகொண்டு இந்தக் கட்டுரையைப் பற்றி வாசிக்கிறவருக்கு, அது எலியோடு மட்டும் நிண்டுவிடாது.

மனிசரையும் அவர் விட்டு வைக்கவில்லை. மதுரை வளாகத்தில், வெளி வெளிச்சமும் மணிக்கூடும் ஆட்களின் சந்தடியும் எட்டாத தனிமை ஆய்வறை ஒன்று அமைக்கப்பட்டது. விரும்பி முன்வந்தவர்கள் நாள்கணக்கில் அதற்குள் இருந்தார்கள். நித்திரை வந்தால் படுக்கலாம், பசித்தால் சாப்பிடலாம், ஆனால் என்ன நேரம் என்று மட்டும் தெரியாது. அதில் இருந்த ஒரு பெண்ணின் நித்திரை ஒழுங்கு 24 மணித்தியாலத்தை விட்டு விலகியபோதும், அவருடைய மாதவிடாய்ச் சுழற்சி அதோடு சேர்ந்து மாறவில்லை என்று 1991 இல் எழுதினார்கள். உடம்பில் ஓடுவது ஒரு கடிகாரம் இல்லை, பல. அவை ஒன்றை விட்டு ஒன்று பிரிந்தும் ஓடும்.

பிற்காலத்தில் பெங்களூரின் ஜவகர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்துக்குப் போனார். அங்கே அவரும் சகாக்களும் 1999 இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, 600 தலைமுறைக்கு மேலாக ஓயாத வெளிச்சத்தில் வளர்ந்த பழ ஈக்கள் பற்றியது. மனிதத் தலைமுறை ஒன்றுக்கு 25 வருடம் என்று போட்டால் அது 15,000 வருடம். அவ்வளவு காலம் இரவே காணாத ஈக்களை இருட்டுக்குள் வைத்தபோது, அவை கூட்டுப்புழுவை விட்டு வெளிவருவதில் பழைய நாளொழுங்கு அப்படியே இருந்தது. வெளியே பயனே இல்லாத ஒரு கடிகாரத்தை உயிர் ஏன் தூக்கி எறியவில்லை? அது வெளியுலகத்துக்கு மட்டுமில்லை, உள்வீட்டை ஒழுங்குபடுத்தவும் வேண்டியிருக்கிறது என்பது அவர்கள் முன்வைத்த ஒரு விளக்கம்.

அந்த உள்வீடு என்பது கலம். இங்கேதான் கதை கல நெருக்கீட்டுக்கு வருகிறது. ஒட்சிசனை எரித்து வாழும் ஒவ்வொரு கலத்திலும் ஐதரசன் பெரொட்சைட் போன்ற கழிவுகள் உண்டாகும். அவை புரதங்களையும் டி.என்.ஏ.யையும் தாக்கும். இதைத்தான் ஒட்சியேற்ற நெருக்கீடு என்கிறோம். கலத்துக்குள் இந்தக் கழிவைத் துப்புரவாக்கும் பெரொட்சிரெடொக்சின் என்ற புரதம் உண்டு. சந்திரசேகரன் இறந்து இரண்டு வருடத்துக்குப் பிறகு, 2011 இல், கேம்பிரிட்ஜில் ஜோன் ஓ’நீலும் அகிலேஷ் ரெட்டியும் மனித செங்குழியங்களை ஒரு கண்ணாடித் தட்டில் வைத்து ஆராய்ந்தார்கள். செங்குழியத்தில் கரு இல்லை, எனவே பரம்பரையலகுகள் வேலை செய்ய வழியில்லை. அப்படியிருந்தும் அந்தப் புரதம் ஒட்சியேறுவதும் மீள்வதும் ஏறத்தாழ 24 மணித்தியாலச் சுழற்சியில் நடந்தது. நெருக்கீட்டைச் சமாளிக்கிற வேலையும் நேரம் பார்க்கிற வேலையும் கலத்துக்குள் அவ்வளவு நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன. இரவு வேலை நீண்ட காலம் தொடர்ந்தால் என்ன நடக்கும் என்ற பயமும் சும்மா வந்ததில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007 இல், நாளொழுங்கைக் குலைக்கும் வேலைமுறையைப் ‘பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது’ என்ற பட்டியலில் சேர்த்தது.

2017 இல் உயிரியல் கடிகாரத்துக்கு மருத்துவ நோபல் கிடைத்தது. ஹால், ரொஸ்பாஷ், யங் என்ற மூன்று அமெரிக்கர்களுக்கு, பழ ஈயின் கடிகாரப் பரம்பரையலகை விளக்கியதற்காக. அந்தப் பரம்பரையலகை 1971 இல் முதலில் கண்டுபிடித்துக் காட்டிய ரொனால்ட் கொனொப்காவும் சீமோர் பென்சரும் அப்போது உயிரோடு இல்லை. வரலாறு எண்டால் இப்படித்தான், கடைசிப் படியில நிக்கிற ஆளைத்தான் படம் பிடிக்கும். பரம்பரையலகுக் கதை பெரியது, அதை யாரும் குறைக்க முடியாது. ஆனால் அந்தக் கதை தனியே நின்றால், கடிகாரம் எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று சொல்லும், அதற்கு யார் நேரம் வைத்துக் கொடுக்கிறார்கள் என்று சொல்லாது. அந்த இரண்டாவது கேள்விக்கு மதுரைக் குகை ஒரு பதில் தந்தது. வெளிச்சம் எட்டாத இடத்தில் ஓர் உயிர் தன் நேரத்தைப் பக்கத்தில் இருக்கிறவையிடமிருந்து பெறுகிறது. பக்கத்தில் ஆருமில்லாவிட்டால், அதன் நாள் உலகத்தின் நாளிலிருந்து மெல்ல மெல்ல நழுவிப் போகிறது.

சந்திரசேகரனுக்கு 1979 இல் இந்தியாவின் பட்நாகர் விருது கிடைத்தது. மாரிமுத்து அதற்குப் பிறகும் மதுரையில் வௌவால்களோடு பல வருடம் வேலை செய்தார். ஒரு ஆய்வாளரின் வாழ்க்கையை விருதால் அளக்கிறதை விட, அவர் போன பிறகும் குகைக்குப் போகிற ஆள் இருக்கிறாரா என்று பார்க்கிறது நல்லது என்று எனக்குப் படுகிறது. எங்கட பல்கலைக்கழகங்களிலும் விலங்கியல் படிக்கிற ஆக்கள் இருக்கினம். பாழடைந்த கட்டடங்களில் வௌவால் இருக்கு, வற்றுப்பெருக்குள்ள களப்பு இருக்கு, இரவு இருக்கு. கேள்விதான் வேணும், அதோட அந்தக் கேள்வியோடு பத்து வருடம் நிற்க விடுகிற ஒரு இடமும் வேணும்.

போன நவம்பர் மாமாவுக்கு வேலை இடம் மாறி, இரண்டு கிழமை அழைப்பு ஒழுங்காக வரேல்லை. அம்மம்மா ஒரு நாள் எட்டுக்குப் படுத்தா, ஒரு நாள் பன்னிரண்டு வரை முழிச்சிருந்தா, ஒரு நாள் பின்னேரமே நித்திரையாகிப் போனா. வயசாகீட்டுது எண்டு எல்லாரும் சொல்லிச்சினம். பிறகு அழைப்புத் திரும்பவும் பத்தரைக்கு வரத் தொடங்கிச்சு. இப்ப அவ பத்தே காலுக்கு முகம் கழுவி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஃபோனுக்குப் பக்கத்தில வந்து இருக்கிறா. சுவர் மணிக்கூட்டை ஒருக்காலும் பாக்கிறேல்லை.